பரிவட்டம் யார் தலைக்கு?

“அலங்காரப் பதவிதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே! அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்கும் கனவான்கள் நம்மிடையே உண்டு. நஷ்டம் இருக்கிறது ஐயா, சொல்கிறேன்.

சென்னைப் பட்டணத்து ஷெரீப் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1726ஆம் ஆண்டு அரச சாசனம் மேயர் கோர்ட்டை ஏற்படுத்தி, அதன் கட்டளைகளை நிறைவேற்ற ஆண்டுக்கொரு ஷெரீப்பையும் தந்தது. சம்மன் கொடுக்க வேண்டும். ஜூரிகளை அழைக்க வேண்டும். மனக்கசப்பான வேலைதான், ஆனாலும் வேலை! நாளடைவில் வேலை நழுவியது. மாலையும் வரவேற்பும் எஞ்சின. ஸ்காட்லாந்தில் 1794 முதல் நிலைத்துவிட்ட லார்டு லெப்டினன்டு பதவியின் கதையும் இதுவே. படைப் பொறுப்பு 1871இல் போயிற்று. உடைவாள் மட்டும் இடுப்பில் தங்கிவிட்டது.

மேரி கிளப்வாலா ஜாதவ் ஷெரீப்பாக இருந்தவர். அதற்காகவா அவரை நினைக்கிறோம்? 1952இல் அவர் தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரி இன்றும் நிற்கிறது. ஷெரீப் பதவியோ சென்னையில் மறைந்தேவிட்டது. யாராவது கண்ணீர் விட்டார்களா?

நம் கொங்குச் சீமையையே பாருங்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் பெயர் நிலைத்திருப்பது பட்டத்தாலா? இல்லை. காங்கேயம் காளையை இனம் கெடாமல் வளர்த்தாரே, அதனால்! தலைப்பாகை பரம்பரையாக வரலாம். கால்நடை ஞானம் அப்படி வருவதில்லை. பாடுபட்டுத்தான் பெற வேண்டும்.

அரசியல் சட்டம் பட்டங்களை ஒழித்தது. 1971இல் மன்னர் மானியமும் போயிற்று. ஆனால் கோயில் வாசலில் முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்கு மட்டும் ஓயவில்லை. பரிவட்டத் தகராறில் தேர் நிற்கிறது; வக்கீல் வீட்டில் விளக்கு எரிகிறது. கும்பிட வந்த ஏழை வெயிலில் காய்கிறான். இதுவா நஷ்டமில்லாத அலங்காரம்?

எங்கள் கருமத்தம்பட்டி வட்டாரத்தில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காக அரை நூற்றாண்டுக்கு மேல் ஜனங்கள் குரல் கொடுத்தார்கள். 2024இல்தான் அது நிறைவேறியது. மனு எழுதியும், உண்ணாவிரதம் இருந்தும் உழைத்தவர்களில் பலர் அந்தத் தண்ணீரைப் பார்க்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் தலையில் பட்டுத்துணி ஏறியது?

மரியாதையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மரியாதை இல்லாத ஊர் பாலைவனம். ஆனால் அதைப் பிறப்புக்கும் பணப்பெட்டிக்கும் கட்டுவதை நிறுத்துங்கள். குளம் தூர்வாரியவனுக்கு இவ்வாண்டு கட்டுங்கள். பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவளுக்கு அடுத்த ஆண்டு கட்டுங்கள். பரிவட்டத்துக்கும் அன்றுதான் மானம் பிறக்கும்.