நனைந்த மாட்டுக்குத் தீனி அதிகம்

கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காட்சுவான் மாநிலங்களில் இறைச்சி மாடு வளர்ப்போருக்குக் குளிர்காலத் தீவனம்தான் பெருஞ்செலவு. புல்வெளி பனியில் மூடிக்கிடக்க, மாதக்கணக்கில் உலர்புல் போட்டாக வேண்டும். பணத்தை மிச்சப்படுத்தத் தீனியில் கைவைப்பது தப்புக் கணக்கு என்பேன்.

மாட்டின் முதல் இரைப்பையில் நுண்ணுயிரிகள் நார்ப்பொருளை நொதிக்க வைக்கும்போது வெப்பம் பிறக்கிறது. உலர்புல்தான் அந்த அடுப்புக்கு விறகு. அடர்ந்த, உலர்ந்த ரோமமுள்ள பசு ஏறத்தாழ மைனஸ் 7 பாகை செல்சியஸ் வரை கூடுதல் தீனியின்றித் தாங்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு பாகைக்கும் ஆற்றல் தேவை சுமார் 2 விழுக்காடு ஏறும். ரோமம் நனைந்துவிட்டாலோ 15 பாகையிலேயே அதற்குக் குளிரெடுக்கும். நம் கேமரன் மலை இரவுக்குளிர் அவ்வளவுதான்!

ரோமத்துக்குள் அடைபட்ட காற்றே மாட்டின் போர்வை. வெப்பக் கடத்தல் பாடத்தில் மாணவர்களுக்குச் சொல்கிறோமே, அதேதான். பலத்த காற்று அதைக் கலைத்துவிடும். எனவே காற்றைத் தடுக்கும் பலகை வேலிக்கும், படுக்க உலர்ந்த வைக்கோலுக்கும் முதலில் செலவிட வேண்டும். தரையில் கொட்டிய உலர்புல்லை மாடுகள் மிதித்து வீணாக்கும். வளையத் தொட்டியில் போட்டால் அந்தச் சேதம் குறையும்.

தீனியைக் குறைத்தால் சினைப்பசு மெலியும். கன்று ஈன்றபின் மறுபடி சினைபிடிக்கத் தாமதமாகும். அந்த நட்டம் இந்தக் குளிர்காலக் கணக்கில் வராது. அடுத்த பருவத்தில் விற்கக் கன்று குறையும்போதுதான் தெரியும்.