விழித்திரையும் சர்க்கார் கடமையும்

செக்காலையில் எந்த மருந்துக் கடையின் வாசலில் நின்று கவனித்தாலும், நீரிழிவுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்க வருவோர் ஏராளம் என்பது சிறிது நேரத்தில் விளங்கிவிடும். வயது முதிர்ந்தவர் மட்டுமன்று, முப்பது நாற்பது வயதுடையோரும் அவர்களுள் உளர். இவர்களில் கண்ணின் உட்புறத்தை வைத்தியரிடம் காட்டிச் சோதித்துக்கொண்டவர் எத்தனை பேர் என்று வினவினால், கிடைக்கும் விடை நமக்குச் சங்கடத்தையே உண்டாக்கும். "கண் நன்றாகத்தானே தெரிகிறது, எதற்குச் சோதனை?" என்பதே பெரும்பாலோர் கூறும் சமாதானம். இந்தச் சமாதானத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் உட்பக்கமாகப் படிந்திருக்கும் மெல்லிய நரம்புப் படலம். அதைப் போட்டோக் கருவியிலுள்ள பிலிமுக்கு ஒப்பிடுவது வழக்கம். அவ்வுவமை பாதிதான் பொருந்தும். பிலிம் கெட்டால் வேறொன்று மாட்டலாம். விழித்திரைக்கு மாற்று இன்றளவும் இல்லை. நீரிழிவு வியாதி இப்படலத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களை வருஷக்கணக்கில் அரித்து வருகிறது. குழாய்களில் கசிவு ஏற்படுகிறது. பின்னர் சில அடைபடுகின்றன. ரத்தமில்லாமல் தவிக்கும் பாகங்களில் பலமற்ற புதுக் குழாய்கள் முளைத்து, ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தத்தைக் கொட்டுகின்றன. இவ்வளவும் நடந்தேறும் வரையில் நோவு கிடையாது. கசிவு பார்வையின் நடுப்பாகத்தைத் தொடாத வரையில் மங்கலும் தெரியாது. நன்றாகத் தெரிகிறது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவர் கண்ணில் வியாதி முற்றியிருக்கக்கூடும்.

நமது ஜனங்களிடம் இந்த அலட்சியம் குடிகொண்டதற்குக் கண்புரைச் சிகிச்சையின் வெற்றியே ஒரு காரணம் என்பது எமது அபிப்பிராயம். புரை விழுந்தால் ஆபரேஷன், மறுநாள் பார்வை என்ற அநுபவம் இன்று ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. ஆகவே பார்வை போனால் மீட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. விழித்திரை விஷயத்தில் அந்நம்பிக்கை செல்லாது. லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் போடும் ஊசியும் பெரும்பாலும் எஞ்சிய பார்வையைக் காப்பவை. ஊசியால் வீக்கம் வற்றிப் பார்வை சிறிது தெளிவதுண்டு. இறந்துபோன நரம்பு மீள்வதில்லை.

2023-ம் வருஷத்தில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் கணக்குப்படி, நமது தேசத்தில் நீரிழிவுள்ளோர் 10 கோடிக்கு மேற்பட்டவர்கள். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு இவ்வியாதி உண்டு. 2022-ல் பிரசுரமான மற்றோர் அகில இந்திய ஆராய்ச்சியில், நாற்பது வயதைக் கடந்த நீரிழிவுக்காரர்களுள் எட்டுப் பேரில் ஒருவருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது.

நீரிழிவு ஒன்றே விழித்திரைக்குச் சத்துரு என்று கொள்ள வேண்டாம். திடீரென மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தோன்றினாலும், கொசுக்கூட்டம் போல் கரும்புள்ளிகள் பறந்தாலும், ஒருபுறமிருந்து திரை இறங்கினாலும் விழித்திரை கிழிந்து கழன்றுவருகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கிட்டப்பார்வை மிகுந்தோருக்கும் கண்ணில் அடிபட்டோருக்கும் இந்த அபாயம் அதிகம். ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஜூல்ஸ் கோனின் என்ற வைத்தியர் 1920-களில் கிழிசலை அடைத்துக் காட்டும் வரையில் இதற்குச் சிகிச்சையே கிடையாது என்றிருந்தனர். இன்று சிகிச்சை உண்டு. ஆனால் நாட்களை வீணாக்கலாகாது. ஒரு கண் நொடியில் இருண்டு போனால் அது பக்கவாதத்துக்கு ஒப்பான ஆபத்து. அதற்கு மணிக்கணக்குத்தான் அவகாசம். முதியோர் ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு வீட்டுத் தரையின் ஆத்தங்குடிக் கற்களைப் பார்ப்பது நல்லது. நேரான கோடு வளைந்து தோன்றினால் வைத்தியரிடம் போகவேண்டும். குறைமாதத்தில் பிறந்த சிசுக்களின் கண்களைப் பிறந்து முப்பது நாட்களுக்குள் சோதிப்பது அவசியம். அந்தக் கெடு தவறினால் குழந்தை ஆயுள் முழுதும் இருளில் வாழ நேரலாம்.

இனி சர்க்காரின் பங்குக்கு வருவோம். பார்வையிழப்பைத் தடுக்க 1976-லேயே தேசியத் திட்டம் வகுத்த நாடு நம்முடையது. அதே வருஷத்தில் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை உலகம் பாராட்டும் ஸ்தாபனமாக வளர்ந்தது. ஆயினும் திட்டத்தின் பெரும் பலம் புரை ஆபரேஷனிலேயே செலவாயிற்று. காரணம் ரகசியமன்று. புரை ஆபரேஷன்களை எண்ணலாம். எண்ணி அறிக்கையில் அச்சிடலாம். காப்பாற்றப்பட்ட விழித்திரையை எப்படி எண்ணுவது? அந்த நோயாளி முன்பும் பார்த்தார், இன்றும் பார்க்கிறார், கைதட்ட யாருமில்லை.

2021-ல் தமிழ்நாட்டு சர்க்கார் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நீரிழிவு மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது. அதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் மாத்திரை வீடு தேடி வரும்போது நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போகும் நிர்ப்பந்தம் குறைகிறது. மாத்திரையைப் பையில் கொண்டுவரலாம். கண்ணின் உட்புறத்தைப் பார்க்கக் கருவி வேண்டும். அக்கருவி எட்டாத பொருளன்று. பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் விழித்திரையைப் படமெடுத்து அனுப்பினால், தொலைவிலுள்ள நிபுணர் பார்த்துச் சொல்லலாம். படத்தைப் பார்த்து வியாதியைக் கண்டறியும் கணினி முறையை 2016-ல் கூகிள் கம்பெனி பிரசித்தப்படுத்தியபோது, அதற்குப் பாடமாக உதவிய படங்களில் அமெரிக்காவிலிருந்து வந்தவற்றோடு அரவிந்த், சங்கர நேத்ராலயா முதலிய நமது ஸ்தாபனங்களின் படங்களும் இருந்தன. நம்மவர் கண்களைப் பார்த்து இயந்திரம் கற்றுக்கொண்டது. அதன் பயன் நமது ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்து சேர வேண்டாமா?

மருந்தின் விலையும் கவனிக்கத்தக்கது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியான காலத்தில் ஏழைக்கு எட்டாக் கனியாக இருந்தது. 1992-ல் மதுரையில் தோன்றிய ஆரோலேப் அதைச் சுதேசியாகச் செய்து விலையைச் சரித்தது. விழித்திரை ஊசியிலும் 2015 முதல் இந்தியத் தயாரிப்பு உண்டு. எனினும் ஊசி ஒருமுறையோடு முடிவதன்று. பல மாதங்கள் திரும்பத் திரும்பப் போடவேண்டும். செக்காலையிலிருந்து மதுரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஊசி இலவசமாகவே கிடைத்தாலும், பஸ் கட்டணம், ஒருநாள் கூலி, துணைக்கு வருபவரின் கூலி எல்லாம் சேர்ந்து கூலிக்காரனை இரண்டாம் தவணைக்கு வரவிடாமல் தடுத்துவிடும். பார்வை கூடவில்லையே என்ற மனச்சோர்வு வேறு. பாதியில் நின்ற சிகிச்சையால் கெட்ட கண்களுக்கு நோயாளியின் அறியாமையே காரணம் என்று எழுதிவைப்பது சுலபம். நாம் அதை ஒப்புக்கொள்ளோம்.

2012-ல் சிவகங்கையில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஏற்பட்டது. 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆயிற்று. இவ்விரு நிர்வாகங்களும் சேர்ந்து, மாத்திரை பெறும் ஒவ்வொரு நீரிழிவுக்காரரின் சீட்டிலும் கண் சோதித்த தேதியை எழுதும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். வியாதி தெரிந்த உடனேயே ஒருமுறை, பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை, நீரிழிவுள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களுக்குள் என்பது கணக்கு. தலைவர்களின் ஜன்மதினத்தன்று கண் முகாம் நடத்தும் கட்சி ஊழியர்களும், கண்ணாடி வழங்கிப் படமெடுத்துக்கொள்வதோடு நில்லாமல், பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு விழித்திரையைப் பார்க்கும் வைத்தியரை அழைத்துவர வேண்டும். அச்சொட்டு போட்ட பின் சில மணி நேரம் பார்வை கலங்கியிருக்கும், வண்டி ஓட்டக்கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்துவரும்படி முகாம் நோட்டீஸிலேயே அச்சிட்டுவிடலாம்.