ஒரு மரணம் நமக்கு கன்டென்ட் இல்லை, தோழா!

இன்னைக்கு இந்தப் பேஜ்ல யாரையும் வறுத்தெடுக்கப் போறதில்லை. ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்கிப் படிங்க. குறிப்பா கல்லூரியில் படிக்கிற தம்பி, தங்கைகள்.

2020 செப்டம்பர் 12. நீட் தேர்வுக்கு முந்தைய நாள். நம்ம மதுரையில் 19 வயது மாணவி ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே நாளில் தர்மபுரியிலும் திருச்செங்கோட்டிலும் இன்னும் இரண்டு மாணவர்கள். நாம் எல்லோரும் கொதித்தோம். கொதித்ததில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பெண் எழுதி வைத்ததையும் பேசி வைத்ததையும் டிவியில் இருந்து வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் திரும்பத் திரும்பப் போட்டோமே, மறுநாள் தேர்வு எழுதப் போகிற பிள்ளைகளும் அதைத்தானே பார்த்திருப்பார்கள்? ஃபார்வர்டு பண்ணினதில் நானும் ஒருத்தன். இன்னைக்கும் அது உறுத்துது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கைப் பாருங்கள். நாடு முழுக்க 13,044 மாணவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 1,416. மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாம்தான். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 4 பிள்ளைகள்.

"அவங்க ஆட்சிதான் காரணம்", "அந்தத் தேர்வுதான் காரணம்"னு ஒரே வரியில் போஸ்ட் போடுவது நமக்கு ஈஸி. ஆனால் ஒரு உயிர் போவதற்கு ஒரே ஒரு காரணம் இருப்பதில்லை. கல்விக்கடன், அரியர், காதல், சாதிப் பேச்சு, ராகிங், சிகிச்சை எடுக்காத மனச்சோர்வு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது. ஒற்றைக் காரணம் சொன்னால், அதே பிரச்சினையில் இருக்கிற இன்னொரு பிள்ளைக்கு "இதுக்கு இதுதான் வழி போல"ன்னு நாமே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

அதுக்காக அரசியல் வேண்டாம்னு சொல்லல. சரியான அரசியல் உயிரைக் காப்பாற்றும். முன்பெல்லாம் பிளஸ் டூவில் தோற்றால் ஒரு வருஷம் போச்சு. சில வாரங்களிலேயே மறுபடி எழுதலாம் என்று துணைத் தேர்வு வந்தது. 1986 முதல் சென்னையில் இயங்கும் 'சிநேகா' அமைப்பின் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் வலியுறுத்தி வந்த மாற்றம் இது. ஒரு அரசாணை, எத்தனை வீட்டில் விளக்கு அணையாமல் காத்தது!

இப்போது நம் கையில் இன்னொரு ஆயுதம் இருக்கிறது. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கிற கல்வி நிறுவனத்தில் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். உதவி எண்கள் ஹாஸ்டலிலும் வகுப்பறையிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, ஒத்தக்கடை... உங்க காலேஜ்ல ஆலோசகர் இருக்காரா? இல்லைன்னா முதல்வரிடம் மனுவாகக் கொடுங்க. கொடி வேண்டாம், கோஷம் வேண்டாம். எல்லாக் கட்சிப் பிள்ளைகளும் சேர்ந்தே கையெழுத்துப் போடுங்க.

என் கதையையும் சொல்லிடறேன். நாலாவது செமஸ்டர்ல எனக்கு அஞ்சு அரியர். ஊருக்குப் போறதையே நிறுத்திட்டேன். எல்லோரும் "படிச்சிரலாம்டா"ன்னு தட்டிக் கொடுத்துட்டுப் போனாங்க. ரூம்மேட் மட்டும் ஒரு ராத்திரி பக்கத்துல உக்காந்து, "மாப்ள, செத்துரலாம்னு தோணுதாடா?"ன்னு நேராவே கேட்டான். அன்னைக்குத்தான் அழுதேன். விடியுற வரைக்கும் அவன் தூங்கல. காலையில பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், மனநலப் பிரிவுல ஓபி சீட்டுப் போட்டு, என் கூடவே வரிசையில நின்னான். அரியர் எல்லாம் அப்புறம் ஒவ்வொண்ணா கிளியர் ஆச்சு.

"அப்படிக் கேட்டா இல்லாத எண்ணம் வந்துடுமோ"ன்னு பயப்படாதீங்க. கேட்பதால் எண்ணம் வராது. சொல்ல முடியாமல் தவிக்கிறவருக்குக் கதவுதான் திறக்கும். உபதேசம் பண்ணாதீங்க, கேளுங்க. ஆபத்துன்னு தெரிஞ்சா தனியா விடாதீங்க. "யார்கிட்டயும் சொல்லாதே"ன்னு சத்தியம் வாங்கினாலும், நம்பிக்கையான பெரியவர் ஒருத்தரிடம் சொல்லிடுங்க.

போலீஸ் கேஸ் ஆகும்னு பயந்து யாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாம இருந்துடாதீங்க. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-வது பிரிவே கிடையாது.

நம்ம ஐடி விங் தோழர்களுக்குத் தனியா ஒரு வேண்டுகோள். இனி இப்படி ஒரு செய்தி வந்தால் படம் போடாதீங்க, கடிதம் போடாதீங்க, எப்படி நடந்ததுன்னு எழுதாதீங்க. 2019-லேயே இந்தியப் பத்திரிகை கவுன்சில் பத்திரிகைகளுக்குச் சொன்னதுதான் இது. கேள்வி கேளுங்க, கோபப்படுங்க. கூடவே உதவி எண்ணையும் போடுங்க.

இதைப் படிக்கிற உனக்கே மனசு சரியில்லையா? 14416, டெலி மானஸ். 104, தமிழ்நாடு அரசு மருத்துவ உதவி எண். இரண்டிலும் ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. நீ எந்தக் கட்சின்னு யாரும் கேட்க மாட்டாங்க. நாங்களும் கேட்கல. நீ இரு தோழா, அது போதும்.

#மனசுவிட்டுப்பேசு #14416