போலீஸ் எஞ்சினும் பாரவண்டியும்

ஏருழும் எருதின் நுகத்திற் பந்தயக் குதிரையைப் பூட்டுவார் உளரோ என்று வினவினால் எல்லோரும் நகைப்பர். ஆயினும் அதனையொத்த செயலொன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுநாளாக நடைபெற்று வருகின்றது. நகைப்புக்கு இடமாவதற்கு மாறாக, அது பலராலும் விரும்பிப் பாராட்டவும் பெறுகின்றது. குற்றவாளிகளைத் துரத்திப் பிடிப்பதற்கெனப் போலீஸ் கார்களில் அமைக்கப்படும் ஆற்றல் மிக்க எஞ்சினை எடுத்து, விறகும் வைக்கோலும் செங்கல்லும் சுமக்கும் 'பிக்கப்' என்னும் சிறு பாரவண்டியிற் பொருத்துவதே அச்செயலாம். இது தக்கதோ தகாததோ, தக்கதாயின் எவ்வரையறைக்கு உட்பட்டுத் தக்கது என்பதை ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

முதலில் இவ்விரு வண்டிகளின் இயல்பையும் அறிதல் வேண்டும். பிக்கப் என்பது, முன்னே ஓட்டுவோனும் உடன் ஓரிருவரும் அமரத்தக்க அறையும், பின்னே மூடியில்லாத திறந்த தட்டும் உடையது. உழவரும் தச்சரும் கொத்தரும் தத்தம் தொழிற்கு வேண்டியவற்றை ஏற்றிச் செல்வதற்காக அமைந்தது. அதன் பின்புற ஸ்பிரிங் பட்டைகள் பாரம் தாங்குதற்கென்று விறைப்பாகச் செய்யப்படுவன. சுமையேற்றிய காலத்தில் அது நிதானமாகச் செல்லும்; சுமையற்ற காலத்தில் அதன் பின்பாகம் மேடுபள்ளங்களில் துள்ளும்.

போலீஸ் காரோ, புறத்தே நோக்குவார்க்குக் குடும்பத்தார் ஏறிச் செல்லும் சாதாரணக் கார் போலவே தோன்றும். உள்ளே நோக்கினால் வேற்றுமை புலப்படும். ஆற்றல் மிகுந்த எஞ்சின் ஒன்று மட்டும் அதன்கண் இல்லை. அவ்வெஞ்சின் கொதித்துப் போகாதவாறு பெரிய ரேடியேட்டர் உண்டு. எண்ணெயைக் குளிரச் செய்யும் கருவியும் உண்டு. விளக்குகளுக்கும் ரேடியோவுக்கும் வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கும் ஆல்டர்னேட்டரும் பெரிது. வளைவுகளிற் சாயாதிருக்க இறுக்கமான ஸ்பிரிங்குகளும், விரைவில் நிற்பதற்கேற்ற பிரேக்குகளும், மிகுந்த வேகத்தைத் தாங்கும் டயர்களும் உள. எல்லாவற்றிற்கும் மேலாக, அதனைச் செலுத்துவோன் அதற்கென்றே பயிற்சி பெற்றவன். ஆகவே போலீஸ் காரின் சிறப்பு அதன் எஞ்சினில் மட்டும் அடங்கியதன்று. எஞ்சின் அதன் ஓர் உறுப்பேயாம்.

இவ்வுண்மையை ஒரு நகைச்சுவைத் திரைப்படமே நன்கு உணர்த்துகின்றது. 1980-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி புளூஸ் பிரதர்ஸ்' என்னும் படத்தில், பழைய போலீஸ் கார் ஒன்றை வாங்கி வந்த ஒருவன் தன் உடன்பிறந்தானிடம் அதன் பெருமையை எடுத்துரைக்கின்றான். எஞ்சினைச் சொன்னதோடு அவன் அமையவில்லை. டயரையும், சக்கரங்களைத் தாங்கும் அமைப்பையும், அதிர்வு தாங்கிகளையும் தனித்தனியே எண்ணிச் சொல்கின்றான். வேடிக்கைக்காகப் பேசும் அப்பாத்திரம் அறிந்ததனை, பட்டறைகளில் உழைப்போர் பலர் மறந்துவிடுகின்றனர்.

நிற்க. இம்முயற்சியைத் தனிமனிதரே அன்றிப் பெருந்தொழிற்சாலையாரும் மேற்கொண்டதுண்டு. அவ்வரலாறு சுவையுடையது, சிந்திக்கத்தக்கதுமாகும். 1970-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசியலார் காற்றின் தூய்மையைக் காப்பதற்குக் கடுமையான சட்டம் இயற்றினர். 1973-ஆம் ஆண்டில் பெட்ரோல் நெருக்கடி வந்தது. 1975 முதற்கொண்டு புதிய கார்களில் பெரும்பாலானவற்றின் புகைக்குழாயில் நச்சுப் புகையை மாற்றும் கருவி இடம் பெற்றது. இவற்றின் விளைவாகக் கார்களின் வேகமும் ஆற்றலும் குன்றின. ஆனால் மொத்த எடை 6,000 இராத்தலுக்கு மேற்பட்ட பாரவண்டிகளுக்கு அச்சட்டம் அந்நாளிற் சலுகை காட்டிற்று. அவை உழைக்கும் மக்களின் கருவிகள் என்று கருதியதே அதன் காரணமாதல் வேண்டும்.

அச்சலுகையாகிய வாயிலின் வழியே நுழைந்தது டாட்ஜ் கம்பெனி. போலீஸ் கார்களுக்கென அமைந்த 360 கன அங்குல எஞ்சினை, அஃதாவது ஏறத்தாழ 5.9 லிட்டர் அளவினதை, அடிப்படையாகக் கொண்டு, எடை வரம்பினைச் சற்றே தாண்டிய பிக்கப் ஒன்றை 1978-ஆம் ஆண்டில் அது விற்பனைக்குக் கொணர்ந்தது. 'லில் ரெட் எக்ஸ்பிரஸ்' என்பது அதன் பெயர். 'சின்னச் சிவப்பு எக்ஸ்பிரஸ்' எனலாம். செக்கச் சிவந்த வண்ணம். தட்டின் பக்கங்களில் ஓக் மரப் பலகைகள். அறையின் பின்னே இருபுறமும் வானோக்கி நிமிர்ந்த பளபளக்கும் புகைக்குழாய்கள். எஞ்சினின் ஆற்றல் 225 குதிரைச்சக்தி. அவ்வாண்டில் அந்நாட்டின் தலைசிறந்த பந்தயக் காராக மதிக்கப்பட்ட கார்வெட்டிற்குக் கிடைத்த மிகுதியான ஆற்றலே 220 குதிரைச்சக்திதான்! இவ்வண்டியின் முன்மாதிரி ஒன்றை மோட்டார் பத்திரிகையொன்று சோதித்தபோது, மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டுவதில் அமெரிக்காவிற் செய்யப்பட்ட கார்களையும் அது வென்றது. வைக்கோல் வண்டி பந்தயக் காரை வென்றதெனின் மக்கள் வியவாதிருப்பரோ? முதலாண்டில் 2,188 வண்டிகளும், 1979-இல் 5,118 வண்டிகளும் செய்யப்பட்டன.

எனினும் அடுத்த ஆண்டே அவ்வாயில் அடைபட்டது. 1979-ஆம் ஆண்டு வண்டிகளுக்குச் சட்டத்தின் எல்லை 8,500 இராத்தல் வரை விரிக்கப்பட்டது. சின்னச் சிவப்பு வண்டியும் புகை மாற்றும் கருவியையும் ஈயமற்ற பெட்ரோலையும் ஏற்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டோடு அதன் உற்பத்தியும் நின்றது. இங்கே நாம் கருத வேண்டுவது ஒன்றுண்டு. அத்தொழிற்சாலையார் சட்டத்தை மீறவில்லை. அதன் எழுத்தினை முற்றிலும் கடைப்பிடித்தனர். ஆனால் உழவனுக்கும் தச்சனுக்கும் இரங்கி அளித்த சலுகையை வேக விளையாட்டிற்குப் பயன்படுத்தினர். சட்டத்தின் சொல்லைக் காத்து அதன் பொருளைக் கைவிடுவது நேர்மையாகுமா? அவ்வண்டியின் அழகையும் அதனைச் செய்தோரின் கைத்திறனையும் யான் வியக்கின்றேன். அது பிறந்த வழியை மட்டும் பாராட்ட இயலவில்லை.

இனித் தனிமனிதரின் முயற்சிகளைக் காண்போம். அமெரிக்காவிற் போலீஸார் தம் கார்களைச் சில ஆண்டுகள் ஓட்டியபின் ஏலத்தில் விற்றுவிடுவது வழக்கம். 1994 முதல் 1996 வரை வந்த ஷெவ்ரலே காப்ரீஸ் போலீஸ் காரில் 260 குதிரைச்சக்தி கொண்ட 5.7 லிட்டர் எஞ்சின் கிடைத்தது. ஃபோர்டு கம்பெனியின் கிரவுன் விக்டோரியா போலீஸ் கார் 4.6 லிட்டர் எஞ்சினுடையது. 2004-க்குப் பிற்பட்டவற்றில் அதன் ஆற்றல் 250 குதிரைச்சக்தி. இவ்வகைக் காரின் கடைசி வண்டி 2011 செப்டம்பரில், கனடா நாட்டின் செயின்ட் தாமஸ் நகரத் தொழிற்சாலையினின்றும் வெளிவந்தது. இத்தகைய கார்களை ஏலத்தில் எடுத்து, அவற்றின் எஞ்சினைக் கழற்றி, துருவேறிக் கிடக்கும் பழைய பிக்கப்பிற் பொருத்தி ஓட்டுவோர் பலர்.

இவர்கள் கூறும் நியாயங்களை நாம் எளிதில் தள்ளிவிடல் ஆகாது. பழைய இரும்புக்குப் போகவேண்டிய இரண்டு வண்டிகள் ஒரு நல்ல வண்டியாக உயிர்பெறுகின்றன என்பர், அது மெய். போலீஸ் எஞ்சின் உறுதியாகச் செய்யப்பட்டது என்பர்; அதுவும் மெய். தந்தையும் மகனும் மாலைதோறும் ஒன்றுகூடி இயந்திரத்தைப் பிரித்துச் சேர்ப்பதனால் உண்டாகும் கல்வி ஏட்டிற் கிடைப்பதன்று என்பர்; அது முற்றிலும் மெய். தன் கையால் ஒரு திருகாணியையேனும் முடுக்கியறியாது விசையின் இலக்கணத்தை மனப்பாடம் செய்யும் மாணாக்கனைவிட, எண்ணெய்க் கறை படிந்த கையோடு நிற்கும் அவ்விளைஞன் அறிந்தது மிகுதி.

ஆயினும் இவையெல்லாம் எஞ்சினை மாற்றுதற்கு நியாயமாகுமேயன்றி, எஞ்சினை மட்டும் மாற்றுதற்கு நியாயமாகா. இயற்கை நூலார் கண்ட விதியொன்றை ஈண்டு நினைவுகூர்வோம். ஓடும் பொருளின்கண் உள்ள ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்வது. மணிக்கு 40 மைல் வேகத்திற் செல்லும் வண்டி 80 மைல் வேகத்திற் சென்றால், அதன் வேகம் இருமடங்காம். அதனை நிறுத்துதற்குப் பிரேக் உட்கொள்ள வேண்டிய ஆற்றலோ நான்மடங்காம். அவ்வாற்றல் முழுதும் வெப்பமாக மாறுகின்றது. 1960-ஆம் ஆண்டுகளில் வந்த ஃபோர்டு எஃப் 100 முதலிய பிக்கப்புகளில் நான்கு சக்கரங்களிலும் இருந்தவை டிரம் பிரேக்குகள். அவை மிகச் சூடேறினால் பிடிப்புத் தளரும். ஓட்டுபவன் காலை அழுத்த அழுத்த வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும்.

மற்றுமோர் இடர் உண்டு. வெறுந்தட்டோடு செல்லும் பிக்கப்பின் எடை பெரும்பாலும் முன்சக்கரங்களின் மீதே நிற்கும். பிரேக்கை அழுத்தும்போது எடை மேலும் முன்னோக்கிச் சாயும். அக்கணத்திற் பின்சக்கரங்கள் தரையில் நன்கு பதியாமல், சுழற்சி நின்று வழுக்கும். வண்டியின் பின்பாகம் பக்கவாட்டில் திரும்பிவிடும். இது கற்பனையன்று. 1987-இல் ஃபோர்டு கம்பெனியார் தம் எஃப் வரிசைப் பிக்கப்புகளிற் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாதவாறு தடுக்கும் பிரேக்கை அமைத்தனர். இக்குறையைச் செய்தவர்களே அறிந்திருந்தனர் என்பதற்கு அதுவே சான்று. இத்தகைய வண்டிக்கு இருமடங்கு ஆற்றலைக் கொடுத்துப் பிரேக்கைப் பழையபடியே விட்டுவிடுவது, கடிவாளமில்லாத குதிரைக்குக் கொள்ளும் சாட்டையும் மட்டும் கொடுப்பதை ஒக்கும். விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்று நம் முன்னோர் கூறியது இயந்திரங்களுக்கும் பொருந்துவதேயாம்.

ஏலத்தில் எஞ்சின் வாங்குவோர் மற்றொன்றையும் எண்ணிப் பார்ப்பதில்லை. போலீஸ் கார் ஓடும் நேரத்தினும் நின்றபடியே எஞ்சின் சுழலும் நேரம் பல வேளைகளில் மிகுதி. விளக்கும் ரேடியோவும் அணையாதிருக்க, அது பாதையோரத்தில் மணிக்கணக்காக உறுமிக்கொண்டு நிற்கும். சென்ற மைல்களை மட்டுமே காட்டும் கருவி இவ்வுழைப்பைக் காட்டாது. ஆதலின், மைல் குறைந்தது என்று வாங்கிய எஞ்சின் வயது முதிர்ந்ததாக இருத்தல் கூடும்.

அங்ஙனமாயின் இம்முயற்சியையே விட்டுவிடுக என்பது என் கருத்தோ? அன்று. நல்வழி கண்டோர் அந்நாட்டிலேயே உளர். கிரவுன் விக்டோரியாவைப் பிரிக்கும் பட்டறையாளரிற் பலர் அதன் எஞ்சினுக்கு முன்னே, முன்சக்கரங்களைத் தாங்கும் அமைப்பைக் கழற்றுகின்றனர். 2003 முதல் வந்த அவ்வகைக் கார்களில் அலுமினியக் குறுக்குச் சட்டமும், டிஸ்க் பிரேக்கும், ஸ்டியரிங்கும் ஒருசேர அமைந்திருத்தலின், அவற்றை முழுதாக எடுத்துப் பழைய எஃப் 100 வண்டியின் அடிச்சட்டத்திற் பொருத்துகின்றனர். சிலர் பழைய எஞ்சினை அப்படியே வைத்துக்கொண்டு இம்மாற்றத்தை மட்டும் செய்து நிறைவடைகின்றனர். இவர்களே யான் போற்றும் தொழில்வல்லார். முதலில் நிற்கும் ஆற்றல். அடுத்துத் திரும்பும் ஆற்றல். அதற்கடுத்துக் குளிரும் ஆற்றல். இறுதியில் ஓடும் ஆற்றல். இம்முறை மாறாது வேலை செய்பவன், போலீஸ் எஞ்சினைப் பொருத்தினும் குற்றமில்லை. இம்முறையைத் தலைகீழாக்குபவன் எத்துணைக் கைத்திறன் உடையவனாயினும் தன் தொழிலின் தலைப்பாடத்தைக் கற்றிலன்.

"வண்டி எனது, பணம் எனது, உயிரும் எனதே, பிறர்க்கு என்ன?" என்று வினவுவார் சிலர். வண்டி அவனது என்பது மெய்யே, பாதையோ அவனதன்று. எதிரே பள்ளிச் சிறுவன் வருவான். கிழவி ஒருத்தி பாதையைக் கடப்பாள். அவர்கள் அவ்வண்டியின் பிரேக்கைச் சோதித்து அறிந்து வந்தவர்கள் அல்லர். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவான் என்னும் நம்பிக்கை ஒன்றினாலேயே பாதையில் அடியெடுத்து வைக்கின்றனர். அந்நம்பிக்கையைக் காப்பதே ஓட்டுபவன் முதற்கடன். போலீஸாருக்குப் பேராற்றலுடைய எஞ்சினை நாட்டார் அளித்ததும் இக்காவலின் பொருட்டேயன்றோ? காவலுக்காக ஆக்கிய ஆற்றல் அச்சத்திற்குக் காரணமாதல் பெருங்கொடுமை.

இயந்திரக் கலையில் ஈடுபாடுடைய நம் மாணவ நண்பர்கட்கு ஒரு சொல் கூறி முடிக்கின்றேன். நாளை நீவிர் தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் பொறுப்பேற்பீர். மேலும் வேகம், மேலும் ஆற்றல் என்று கேட்போர் உம்மைச் சூழ்ந்து நிற்பர். அவர்க்கு விடையளிக்குமுன், "இதனை நிறுத்துவது எது?" என்னும் ஒரு கேள்வியை உம்மை நீரே கேட்டுக்கொள்மின். அதற்குச் செவ்வையான விடை கிடைத்தால், பாரவண்டியில் எந்த எஞ்சினையும் பூட்டுக, மகிழ்ந்து ஓட்டுக. கிடைக்காத வரையில், திருகுகோலைக் கீழே வைத்துவிட்டுப் பிரேக்கினிடம் செல்லுக.