வண்ண மீன் வளர்ப்பு: நன்னீரா, கடல் நீரா?

கறவை மாடு, நாட்டுக் கோழி, தேனீ, காளான் என்று உழவர் குடும்பங்கள் கைக்கொள்ளும் உபதொழில்களின் வரிசையில் வண்ண மீன் வளர்ப்பும் இன்று இடம் பெற்றுள்ளது. நகரங்களில் வீடு, கடை, மருத்துவமனை என எங்கும் கண்ணாடித் தொட்டிகளைக் காண்கிறோம். சென்னை கொளத்தூர் வட்டாரத்தில் வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் தொட்டி கட்டி மீன் பெருக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவரும் நான்கு சென்ட் இடத்தில் இதனைச் செய்யலாம் என்பது உண்மையே.

ஆனால் தொடங்குமுன் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். வளர்ப்பது நன்னீர் மீனா, கடல் மீனா? ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனும், நீல நிற டாம்சல் மீனும் கடைகளில் கப்பி மீனைப் போலப் பல மடங்கு விலைக்குப் போகின்றன. "ஒரு மீனுக்கு அத்தனை விலை என்றால் அதையே வளர்த்துவிடலாமே" என்ற எண்ணம் எழுவது இயல்பு. கடனை வாங்கித் தொழிலில் இறங்கும் சிறு விவசாயிக்கு இந்த எண்ணம் பெருநட்டத்தில் முடியக் கூடும். உள்நாட்டுச் சிறு விவசாயிக்கு ஏற்றது நன்னீர் வண்ண மீனே. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உப்புக் கிணறு கடல் ஆகாது

கிணற்று நீர் உப்பாகிப் பயிர் கருகும் ஊர்களில், "பயிருக்கு உதவாத இந்த நீரில் கடல் மீனாவது வளர்க்கலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் தவறில்லை, கணக்கில்தான் தவறு இருக்கிறது.

கடல் நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. நீர்ப் பரிசோதனை நிலையத்தில் மின்கடத்தும் திறன் 4 என்று அறிக்கை வந்தால் அந்தக் கிணற்று நீர் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. அந்த நீரிலும் லிட்டருக்கு இரண்டரை கிராம் அளவே உப்பு இருக்கும். கடலின் உப்பில் இது பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. உப்பின் கலவையும் வேறு. கடலில் சோடியம், மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியவை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்துள்ளன. கிணற்று நீரில் இந்த விகிதம் ஊருக்கு ஊர் மாறும். சமையல் உப்பைக் கொட்டி இந்தக் குறையை ஈடு செய்ய முடியாது.

இத்தகைய கிணறு உடையவர் மனம் தளர வேண்டியதில்லை. மோலி மீன் சற்று உப்பான, கடினமான நீரில் நன்கு தழைக்கும். கப்பியும் ஓரளவு தாங்கும். பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவையும் கடின நீரை விரும்புபவையே. தமிழ்நாட்டு ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீர் கடின நீர் என்பதால், குட்டி போடும் இந்த நான்கு இனங்களும் நமது நீருக்குப் பொருந்தியவை. வேறு நீரிலிருந்து கொண்டு வந்த மீன்களைத் திடீரென விடாமல், சிறிது சிறிதாக நமது நீரைக் கலந்து பழக்கிய பின்னரே தொட்டியில் விட வேண்டும். டெட்ரா போன்ற மென்னீர் மீன்களின் முட்டைகள் கடின நீரில் சரிவரப் பொரிக்காது. எனவே மீனைத் தேர்ந்தெடுக்குமுன் நீரைப் பரிசோதிப்பது, பயிரைத் தேர்ந்தெடுக்குமுன் மண்ணைப் பரிசோதிப்பது போன்றதே.

கழிவு நீர் எங்கே போகும்?

ஆறடி நீளம், நான்கடி அகலம் கொண்ட சிமெண்ட் தொட்டியில் ஒன்றரை அடி உயரம் நீர் நிரப்பினால் ஆயிரம் லிட்டர் பிடிக்கும். இத்தகைய பத்துத் தொட்டிகள் ஒரு சிறு பண்ணைக்குப் போதும். வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதாக வைத்துக் கொள்வோம். வாரத்திற்கு ஆயிரம் லிட்டர் கழிவு நீர் வெளியேறும்.

நன்னீர்ப் பண்ணையானால் அந்த ஆயிரம் லிட்டரும் வயலுக்குச் சொத்து. மீன் கழிவிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த அந்த நீரைத் தென்னைக்கும் வாழைக்கும் தீவனப் புல்லுக்கும் பாய்ச்சலாம். ஒரு சொட்டும் வீணாகாது.

கடல் நீர்ப் பண்ணையானால் அதே ஆயிரம் லிட்டரில் 35 கிலோ உப்பு வெளியேறும். ஆண்டு முழுவதும் சேர்த்தால் 1,800 கிலோவுக்கு மேல். இதனை எங்கே விடுவது? வாய்க்காலில் விட்டால் பக்கத்து வயல் பாழ். குழியில் விட்டால் நாளடைவில் தன் கிணறே உப்பாகும். நல்ல மண்ணை உவர் மண்ணாக்குவது எளிது. உவர் மண்ணை மீட்க ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி வடித்து, பசுந்தாள் மடக்கி உழுது ஆண்டுக் கணக்கில் பாடுபட வேண்டும் என்பதை அனுபவப்பட்ட உழவர்கள் அறிவார்கள். மீன் விற்ற பணம் நிலத்தின் வளத்தை மீட்டுத் தராது. கடல் மீன் எவ்வளவு விலைக்குப் போனாலும், உள்நாட்டு வயல்வெளியின் நடுவே அதனை வளர்க்கலாகாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

முதலீடும் இடர்ப்பாடும்

பத்துத் தொட்டிகளையும் முதல் முறை நிரப்ப 350 கிலோ உப்பு வேண்டும். கடலோரத்தில் இல்லாதவர் இதற்கெனத் தயாரிக்கப்படும் கடல் உப்புக் கலவையை விலைக்கு வாங்க வேண்டும். வெயிலில் நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆவியான நீரை ஈடு செய்ய நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டுமேயன்றி உப்பு நீரை ஊற்றக் கூடாது. இது தெரியாமல் உப்பு நீரையே ஊற்றினால் உப்பின் அளவு நாளுக்கு நாள் ஏறி மீன் மடியும்.

காற்றும் ஒரு சிக்கல். ஒரே வெப்பத்தில் கடல் நீரில் கரையும் பிராணவாயு நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இரவில் மின்சாரம் நின்றால் கடல் மீன் தொட்டி விரைவில் ஆபத்தைச் சந்திக்கும். மீன் நெருக்கம் குறைவாக உள்ள நன்னீர்த் தொட்டி சில மணி நேரம் தாங்கும். பைட்டர், கௌராமி ஆகிய மீன்கள் நீர் மட்டத்திற்கு வந்து வெளிக்காற்றையே சுவாசிக்கும் உறுப்பு உடையவை. மின்வெட்டு மிகுந்த ஊர்களுக்கு இவை ஏற்றவை.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வயலில் இட்ட தழைச்சத்து உரம் மண்ணில் அடையும் மாற்றமும் இதுவே. புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். கார நிலை ஏற ஏற அம்மோனியாவின் நச்சு கூடும். கடல் நீரின் கார அமில நிலை பொதுவாக 8க்கு மேல் இருப்பதால் அங்கு சிறு கவனக்குறைவும் மீனைக் கொல்லும். பழகும் காலத்தில் நட்டம் வருவது எந்தத் தொழிலிலும் உண்டு. கப்பி மீனில் வரும் நட்டத்தைச் சிறு விவசாயி தாங்கலாம். விலை உயர்ந்த கடல் மீனில் வரும் நட்டத்தைத் தாங்குவது கடினம்.

குஞ்சு எங்கிருந்து வரும்?

உபதொழில் நிலைக்க வேண்டுமானால் விதையும் குஞ்சும் தன் கையில் இருக்க வேண்டும். கப்பி மீன் ஏறத்தாழ மாதம் ஒரு முறை குட்டி போடும். தாயே குட்டிகளைத் தின்றுவிடாமல் வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகளைத் தொட்டியில் இட்டால் குட்டிகள் ஒளிந்து பிழைக்கும். மூன்று நான்கு மாதங்களில் விற்பனைக்கு வந்துவிடும். கடலைப் பிண்ணாக்கும் சாணமும் ஊறிய நீரில் பெருகும் மொய்னா என்னும் நுண்ணிய நீர்ப்பூச்சியைக் குஞ்சுகளுக்கு உணவாகத் தரலாம். தவிடு, பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள் கொண்டு வீட்டிலேயே தீவனம் தயாரிக்கலாம். இவையெல்லாம் உழவர் வீட்டில் உள்ள பொருள்களே.

கோமாளி மீனின் கதை வேறு. இம்மீன்கள் முதலில் ஆணாக முதிர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். இணை சேர்ந்து முட்டையிடவே பல மாதங்கள் ஆகலாம். ஏறத்தாழ ஒரு வாரத்தில் பொரிக்கும் குஞ்சுக்குக் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ரோட்டிபர் என்னும் உயிர் உணவு வேண்டும். ரோட்டிபரை வளர்க்கப் பச்சைப் பாசி வேண்டும். அதன் பின் ஆர்ட்டீமியா வேண்டும். இவற்றில் ஒன்று ஒரு நாள் தவறினாலும் குஞ்சுகள் கூண்டோடு மடியும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் கோமாளி, டாம்சல் மீன்களைக் குஞ்சு பொரிப்பகத்தில் பெருக்கும் முறையைக் கண்டறிந்துள்ளது. அது பாராட்டத்தக்க சாதனை. ஆயினும் பயிற்சி பெற்றோர் பரிசோதனைச் சாலை வசதியுடன் செய்வதை, காலையில் களை எடுத்து மாலையில் பால் கறக்கும் குடும்பம் கொல்லையில் செய்ய இயலாது.

குஞ்சு பொரிக்க இயலாதவர் கடலில் பிடித்த மீனை வாங்கி விற்கத் தலைப்படுவர். அது வளர்ப்புத் தொழில் ஆகாது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளத்தையும் கடற்குதிரையையும் பிடிப்பதும் விற்பதும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அறியாமல் வாங்கினாலும் வழக்கு வரும்.

யாருக்குக் கடல் மீன் ஏற்றது?

கடல் மீன் வளர்ப்பே கூடாது என்பது இதன் பொருள் அன்று. இராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற மாவட்டங்களில் தூய கடல் நீர் அருகிலேயே கிடைக்கும் கரையோரக் குடும்பங்கள், பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகளை வாங்கிச் சில மாதங்கள் வளர்த்து விற்கலாம். தனியாகச் செய்வதைவிட மகளிர் குழுவாகச் செய்வது நன்று. பயிற்சி பெற்று, விற்பனைக்கு வழி செய்து கொண்ட பின் தொடங்கினால் மீனவக் குடும்பங்களுக்கு இது நல்ல மாற்றுத் தொழில். கடலில் பிடிப்பதும் குறையும்.

2020ல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்பு அலகுக்கு, நன்னீரானாலும் கடல் நீரானாலும், ஒரே அளவாக 3 லட்சம் ரூபாய் திட்டச் செலவு வகுக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம். மானியம் ஒன்றே என்பதால் இடர்ப்பாடும் ஒன்றே என்று உழவர்கள் கருதிவிடக் கூடாது. திட்டம் வகுப்போரும் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது சரியன்று. கடல் மீனுக்கான உதவி கரையோரக் குழுக்களுக்கே போய்ச் சேர வேண்டும். உள்நாட்டு விவசாயிக்கு நீர்ப் பரிசோதனை, நல்ல தாய் மீன், விற்பனைச் சங்கம் ஆகிய மூன்றையும் முதலில் தர வேண்டும். மானியம் எதுவாயினும், தற்போதைய விதிகளையும் நிதி நிலையையும் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே கடனுக்குக் கையெழுத்திட வேண்டும்.

தொடங்குவோர் கவனத்திற்கு

முதல் ஆண்டு இரண்டு அல்லது மூன்று தொட்டிகள் போதும். மோலி, பிளாட்டி போன்ற ஓரிரு இனங்களை மட்டும் வளர்க்க வேண்டும். வாங்கும் வியாபாரியை முதலில் பார்த்து, எந்த நிறம், எந்த அளவு, மாதம் எத்தனை என்று கேட்ட பின்னரே மீன் வாங்குவது நன்று. தொட்டியின் மேல் வலை கட்டினால் மீன்கொத்தி, தவளை, தட்டான் பூச்சி ஆகியவற்றின் தொல்லை இராது. தட்டான் பூச்சி நீரில் இடும் முட்டையிலிருந்து வரும் புழு மீன் குஞ்சுகளைத் தின்னும்.

பூச்சிமருந்து தெளித்த கையுடன் தொட்டியைத் தொடக் கூடாது. தெளிப்பானைக் கழுவிய வாளியைத் தொட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது. பைரித்ராய்டு வகை மருந்துகள் மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொல்லும். பருத்தி, கத்தரி வயலை ஒட்டித் தொட்டி கட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

விற்காத மீனை ஏரியிலோ வாய்க்காலிலோ விடலாகாது. தொட்டிப் பாசியைத் தின்னும் என்று கடைகளில் விற்கும் டேங்க் கிளீனர் மீன் அப்படி வெளியேறித்தான் பல ஏரிகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக் கொண்டது. அந்த மீனை வளர்க்காமல் இருப்பதே நல்லது.

அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையங்களிலும் பயிற்சி விவரம் கேட்கலாம். போகும்போது கிணற்று நீர் ஒரு லிட்டரைச் சுத்தமான புட்டியில் பிடித்துக் கொண்டு போவது நல்லது. எந்த மீன் வளர்க்கலாம் என்பதை முதலில் அந்த நீரே சொல்லிவிடும். மீன் விலையை விசாரிப்பது அதற்கு அடுத்த வேலை.