பேஸ் கிட்டாருக்கும் வாய் உண்டு

நமது சங்க மலரில் இசையைப் பற்றி எழுதுகிறபோதெல்லாம் பாடுகிறவர்களைப் பற்றித்தான் எழுதுகிறோம். டிரம்ஸுக்குப் பக்கத்தில், தடித்த நான்கு கம்பிகள் பூட்டிய கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிற பையனை யாரும் கவனிப்பதில்லை. அவன் வாசிப்பு நின்றுபோனால்தான் "என்னவோ குறைகிறதே" என்று திரும்பிப் பார்ப்போம். இந்தக் கட்டுரை அவனுக்காக. ஆலயத்துக்குப் போகாத அன்பர்களும் படிக்கலாம். பொங்கல் விழா மெல்லிசைக் குழுவிலும் இதே கதைதான் நடக்கிறது.

ஹடப்சரில் ஞாயிறு தமிழ் ஆராதனையில் பேஸ் வாசிக்கிற பிள்ளைகள் பலரை நான் பார்த்துவருகிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும். தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. பாட்டின் வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். வரிகளுக்கு மேலே ஜி, சி, டி, இ மைனர் என்று கார்டுகளின் பெயர்கள். பையன் அந்த எழுத்தைப் பார்க்கிறான். அதே சுரத்தை ஒரு தாள வட்டத்துக்கு எட்டு முறை 'டும் டும்' என்று தட்டுகிறான். அடுத்த எழுத்து வந்ததும் அதை எட்டு முறை. துதிப் பாட்டானாலும், துக்கப் பாட்டானாலும், திருவிருந்துப் பாட்டானாலும் அதே எட்டு. ஓர் ஆண்டு வாசித்ததும் அவனுக்கே சலித்துப்போகிறது. கிட்டார் பரணுக்குப் போகிறது. அதோடு, அந்தப் பிள்ளைக்கும் தமிழ்ப் பாட்டுக்கும் இருந்த ஒரே கயிறும் அறுந்துபோகிறது. என் கவலை அதுதான்.

பேஸ் என்ற சொல் என் தலைமுறைக்குப் புதிதல்ல. திருநெல்வேலிச் சீமையில் பாமாலைப் பாட்டுகளை நான்கு குரலில் பாடுவோம். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ். பேஸ் பாடுகிறவனுக்கும் தனியாக ஒரு மெட்டு உண்டு. ராகக் குரல் மேலே ஏறும்போது அவன் கீழே இறங்குவான்; மற்றவர்கள் ஒரு சுரத்தில் நின்றால் அவன் இரண்டு அடி நடந்து அடுத்த வரிக்கு வழி காட்டுவான். ஜெர்மனியில் பாக், 1750இல் இறக்கும் வரை எழுதிக் குவித்த தேவாலய இசையில் அடிக்குரலை மட்டும் தனியே பாடிப் பார்த்தாலும் அது ஒரு பாட்டாக நிற்கும். எட்டு 'டும்' தேவாலயத்தின் மரபு அல்ல. நேற்று வந்த பழக்கம். கார்டுத் தாள் கொடுத்த பழக்கம்.

நம் சினிமாவையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1976இல் 'அன்னக்கிளி' மூலம் வந்த இளையராஜா, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே சுரம் எழுதிக் கொடுப்பவர். அவரிடம் பல ஆண்டுகள் பேஸ் வாசித்தவர் சசிதரன். எண்பதுகளின் பாட்டு ஒன்றைப் போட்டு, பாடகரை மறந்துவிட்டு, அடியில் போகிற அந்தக் கனத்த குரலை மட்டும் பின்தொடருங்கள். பாடுகிறவர் மூச்சு வாங்குகிற இடத்தில் அது பேசுகிறது. அவர் பேசும்போது பணிவாக ஒதுங்குகிறது. நான் ரயில்வே இன்ஸ்டிடியூட் குழுவில் பேஸ் பழகிய காலத்தில் எங்களுக்குப் பாடப்புத்தகம் கேசட்தான். ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டே நாடா தேய்ந்துபோகும்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர் இருந்தார். 1936இல் பிறந்து 1983இல் மறைந்தவர். லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் என்ற வாத்தியத்துக்குப் பேச்சு வரவைத்தவர்களில் முதல் வரிசைக்காரர். டெட்ராய்டின் மோட்டவுன் கம்பெனியில் நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கு வாசித்தார். வலது கையில் பெரும்பாலும் ஆட்காட்டி விரல் ஒன்றே வேலை செய்தது. மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டு இசைத்தட்டு வரும்வரை மோட்டவுன் உறைகளில் அவர் பெயரை அச்சிடக்கூட இல்லை. ஒற்றை விரலில் அத்தனை பேச்சு என்றால், நம் பிள்ளைகளிடம் குறைவது விரல் அல்ல என்று தெரிகிறது.

இனி, என்ன செய்யலாம் என்று பார்ப்போம். ஜி, டி, இ மைனர், ஜி, சி என்று ஐந்து கார்டுகள் வரிசையாக வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜியை ஷட்ஜமாகக் கொண்டால், எழுத்தைப் பார்த்து வாசிக்கிறவன் ச, ப, த, ச, ம என்று வேலி தாண்டுகிற ஆடு மாதிரி குதிப்பான். ஆனால் ஒவ்வொரு கார்டிலும் மூன்று சுரங்கள் இருக்கின்றன அல்லவா? டி கார்டுக்குள் நிஷாதம் இருக்கிறது. இரண்டாவது முறை வருகிற ஜியில் பஞ்சமம் இருக்கிறது. அவற்றை எடுத்துக்கொண்டால் அதே ஐந்து கார்டுக்கு ச, நி, த, ப, ம என்று படிப்படியாக இறங்கிவிடலாம். கிட்டார்காரனும் கீபோர்டுகாரனும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சபையார் பாடுவதும் மாறாது. ஆனால் பாட்டின் முகமே மாறிவிடும். இதைக் காட்டிக் கொடுத்தபோது ஒரு பையனின் கண் விரிந்ததைப் பார்த்தேன். மேற்கொண்டு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கீர்த்தனைகளுக்கு வந்தால் கதை வேறு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து ராகத்திலும் தாளத்திலும் கட்டிய பாட்டுகள் நம்மிடம் இருக்கின்றன. கிறிஸ்தவரும் சித்த மருத்துவருமான தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், தமிழிசையை ஆராய்ந்து 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை 1917இல் வெளியிட்டார். அந்த வழியில் வந்தவர்கள் நாம். மோகன ராகத்தில் ஒரு கீர்த்தனை. மோகனத்தில் மத்திமமும் கிடையாது, நிஷாதமும் கிடையாது. அதற்கு சி கார்டு போட்டு, பேஸ்காரர் மத்திமத்தை எட்டு முறை இடித்தால் மோகனம் எங்கே போய் நிற்கும்? அப்பாட்டுக்கு ஜி கார்டும் இ மைனரும் ஒத்துவரும்; அவற்றிலுள்ள ச, க, ப, த எல்லாம் மோகனத்தின் சொந்தச் சுரங்களே. கார்டே மாறாமல் ஷட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் தம்புரா மாதிரி நீளமாக மீட்டி நின்றாலும் அழகுதான். சும்மா நிற்பதும் வாசிப்பில் சேர்த்திதான். தம்புரா எப்படி ஒலிக்கிறது என்று தெரியாத பிள்ளைகளை டிசம்பரில் சவாய் கந்தர்வ விழாவுக்கு அழைத்துப் போங்கள். பீம்சேன் ஜோஷி 1953இல் தொடங்கிய விழா. நம் ஊரிலேயே நடக்கிறது. தமிழர்களாகிய நாம் டிசம்பர் என்றால் சென்னை சபாக்களை நினைத்துப் பெருமூச்சு விடுவதோடு சரி.

தாளத்துக்கு இன்னொரு ஆசிரியர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். மிருதங்கத்தின் இடந்தலை, தொப்பி என்கிறோமே, அது. அது 'தொம்' என்று எங்கே விழுகிறதோ அங்கே பேஸும் விழட்டும். மற்ற இடங்களில் வழி விடட்டும். ரூபகத்தில் அமைந்த பாட்டை நான்கு நான்காக வெட்டுகிற கொடுமையாவது அப்போது நிற்கும்.

குறைவாக வாசிக்கச் சொல்வதற்கு ஒரு பொறியியல் காரணமும் உண்டு. பேஸின் தடித்த கம்பி வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் சற்று அதிகம். நாம் கூடுகிற வாடகைக் கூடங்களில் சில, அகலமே அவ்வளவு இராது. மேலே தகரக் கூரை வேறு. ஒரு 'டும்' அடங்குவதற்குள் அடுத்த 'டும்' வந்து மோதினால் கூடம் முழுவதும் இரைச்சல்தான் நிற்கும். சுரம் காதில் விழாது. உடனே "பேஸ் கேட்கவில்லை" என்று ஒருவர் ஒலியைக் கூட்டுவார். பின்வரிசைப் பாட்டிமார் காதைப் பொத்திக்கொள்வார்கள். எட்டை இரண்டாக்கினால் இரண்டும் தெளிவாகக் கேட்கும்.

இருப்புப் பாதையில் வேலை பார்த்தவன் ஆனதால் எனக்கு ஜல்லி நினைவுக்கு வருகிறது. தண்டவாளத்தையும் ஸ்லீப்பரையும் பயணி பார்ப்பான். ஜல்லியை யாரும் பார்ப்பதில்லை. பாரத்தைப் பரப்பித் தரையில் இறக்குவது அதுதான். ஆனால் ஜல்லிக் கற்களுக்கு நடுவே சேறும் தூளும் ஏறி இறுகிவிட்டால் பாதையின் துள்ளல் போய்விடும், வண்டி தடதடக்கும். அப்போது ஜல்லியை அள்ளி, சலித்து, மறுபடி போடுவோம். ஆராதனைப் பாட்டின் அடித்தளம் இப்போது இறுகிக் கிடக்கிறது; சலித்துப் போட வேண்டிய நேரம்.

மறுப்புகளும் என் காதில் விழுந்தன. "ஆராதனை என்ன கச்சேரியா? பையன் தன் திறமையைக் காட்ட ஆரம்பித்தால் பக்தி போய்விடும்" என்கிறார்கள் பெரியவர்கள். நியாயமான பயம். திருவிருந்து நேரத்தில் கம்பியைக் கட்டை விரலால் அறைந்து சத்தம் எழுப்புகிற 'ஸ்லாப்' வித்தையை நானும் கேட்டேன், சகிக்கவில்லை. நான் கேட்பது அதிக சுரம் அல்ல. பொருத்தமான சுரம். இன்னொருவர், "திரும்பத் திரும்ப வாசிப்பது அவ்வளவு தவறா?" என்று கேட்டார். தவறே இல்லை. பாக்கல்பெல் என்பவரின் புகழ்பெற்ற கேனனில் அடிக்குரல் எட்டே சுரங்களை 28 முறை திரும்ப வாசிக்கிறது. ஆனால் அந்த எட்டும் ஒரு நடை. மேலே மூன்று வயலின்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வளர்கின்றன. மராத்திக் கிறிஸ்தவர்கள் இன்றும் பாடுகிற நாராயண் வாமன் திலக்கின் பஜனைகளிலும் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். ஒவ்வொரு முறையும் குரல் ஒரு புது இடத்தைத் தொட்டுவிட்டு வரும். திரும்புவதில் பிழையில்லை. தூக்கத்தில் திரும்புவதுதான் பிழை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு ஆறு கம்பிக் கிட்டார் வேண்டுமா, நான்கு கம்பி வேண்டுமா என்று கேட்டால், "ஆறு கம்பியே வாங்கு, நாலு கம்பிக்கு என்ன மதிப்பு?" என்று சொல்லிவிடாதீர்கள். பேஸ் கற்கிற பிள்ளை பாட்டை அடியிலிருந்து கேட்கப் பழகுகிறது. எந்தச் சொல்லில் அழுத்தம், எங்கே மூச்சு, எங்கே வரி முடிகிறது என்று கவனித்தால்தான் அதனால் இடம் பார்த்துப் பேச முடியும். அதற்கு வரியின் பொருள் தெரிய வேண்டும். பொருள் தெரிய தமிழ் தெரிய வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதி வைத்த வரியில் குறில் எது, நெடில் எது என்று எப்படித் தெரியும்?

ஆகவே பாடகர் குழுத் தலைவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த மாதம் ஒரே ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஒத்திகையில் வாத்தியமே வேண்டாம். பேஸ் பையனும் மற்றவர்களோடு சேர்ந்து பாடட்டும், தமிழ் எழுத்தைப் பார்த்து. இரண்டாம் ஒத்திகையில் மிருதங்கமும் பேஸும் மட்டும். மூன்றாவதில் மற்றவர்கள் சேரலாம். சனிக்கிழமை மாலையில் காடிதள் வரை வந்து போக இயலுமானால் நானும் வந்து உட்காருகிறேன். என் பழைய பேஸ் கிட்டாருக்குப் புதுக் கம்பி போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன். சொந்த வாத்தியம் இல்லாத பிள்ளைகள் அதையே எடுத்து வாசிக்கலாம்.