குண்டு டயர் போட்டா கெத்தா, பாஸ்?



போன வாரம் செயின் ஸ்பிராக்கெட் மேட்டரை எழுதினதுக்கு ஏகப்பட்ட மெயில். அதுல ஒண்ணு மட்டும் ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருந்தது. இங்கிலாந்து, கோவென்ட்ரி. நம்ம ஊர்ல மெக்கானிக்கல் முடிச்சிட்டு, அங்கே ஆட்டோமோட்டிவ் எம்.எஸ்ஸி. படிக்கப் போன தம்பி எழுதியிருந்தார்.

'அண்ணா, நான் தங்கியிருக்கிற வீட்டோட ஓனர் தாத்தாவுக்கு 74 வயசு. கராஜ்ல 1972 மாடல் எம்.ஜி.பி. ஜி.டி. கார் ஒண்ணு வெச்சிருக்கார். பாட்டியும் அவரும் ஹனிமூன் போன வண்டி. பாட்டி இறந்ததுலேர்ந்து 12 வருஷமா வெளியே எடுக்கலை. இந்தச் சம்மர்ல பேத்திக்குக் கல்யாணம். பொண்ணை இந்தக் கார்லதான் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார். "நீதான் ஆட்டோமொபைல் படிக்கிறியே... டயர் என்ன பண்ணலாம், சொல்லு"ன்னு கேட்டார். நான் ஒரு வேகத்துல, "205 சைஸ்ல அகலமா போட்டா சும்மா அள்ளும் சார்"னு சொல்லிட்டேன். அவரோ, "இருக்கிற டயரே புதுசு மாதிரிதானே இருக்கு"ங்கிறார். யார் சொல்றது சரி?'

தம்பி, ரெண்டு பேரும் தப்பு! ஏன்னு சொல்றேன். ஸ்போர்ட்ஸ் காரைப் போஸ்டர்ல மட்டுமே பார்த்தவங்களும் ஓடிடாதீங்க. கடைசியில உங்க பைக்குக்கும் வர்றேன்.

முதல்ல என் மானம் போன கதை

காலேஜ் படிக்கும்போது என்கிட்ட ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100 இருந்தது. கம்பெனி கொடுத்த பின் டயர் சைஸ் 2.75-18. ஒல்லிக்குச்சியா இருக்கேன்னு எனக்கு ஒரே ஃபீலிங். அரியர் ஃபீஸுக்கு வீட்டுல கொடுத்த காசுல 100/90-18 வாங்கி மாட்டிட்டேன். ரிம் என்னவோ அதே பழைய ஒல்லி ரிம்தான். பார்க்க செம கெத்து! ஆனா, அகல டயரை ஒல்லி ரிம் ரெண்டு பக்கமும் கிள்ளிப் பிடிச்சதுல டயர் பந்து மாதிரி உருண்டையாயிடுச்சு. தரையில பட்டது நடுவுல ஒரு கோடு மட்டும்தான். ஒரு மழை நாள்ல, ஜூனியர் பொண்ணுங்க நின்ன பஸ் ஸ்டாப் திருப்பத்துல, வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முட்டியில ஏழு தையல். 'அகலமா இருந்தா கிரிப்பு'ங்கிற என் தியரிக்கு அன்னிக்கே மங்களம் பாடியாச்சு.

ஜாதகம் படிக்கலாமா?

எம்.ஜி.பி. சாதாரண வண்டி இல்லை பாஸ். இங்கிலாந்தோட அபிங்டன் ஃபேக்டரியிலேர்ந்து 1962 முதல் 1980 வரைக்கும் அஞ்சு லட்சத்துக்கும் மேல வெளியே வந்த கார். 1965-ல் வந்த கூரை போட்ட மாடல்தான் ஜி.டி. அந்தக் கூரை டிசைன்ல இத்தாலியோட பினின்ஃபரினாவுக்கும் பங்கு உண்டு. 1,798 சி.சி. இன்ஜின். எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல. பவர் ஸ்டீயரிங் கிடையாது.

தாத்தாவோட வண்டியில இருக்கிறது ஸ்போக் வீல். ரிம் அகலம் நாலரை இன்ச். டயர் 165 எஸ்.ஆர். 14.

இதுதான் டயரோட ஜாதகம். 165-னா டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. 'எஸ்'னா மணிக்கு 180 கி.மீ. வரைக்கும் தாங்கும். 'ஆர்'னா ரேடியல். 14-ங்கிறது ரிம்மோட விட்டம், இன்ச்ல. இப்போ வர்ற டயர்கள்ல 165/80, 185/70-னு ஒரு கோடு போட்டு இன்னொரு நம்பர் இருக்குமே... அதுதான் புரொஃபைல். அதாவது, டயரோட உயரம் அகலத்துல எத்தனை சதவிகிதம்ங்கிற கணக்கு. பழைய டயர்ல அந்த நம்பரே இருக்காது. இல்லைன்னா, சுமார் 80-னு எடுத்துக்கணும். இது தெரியாம 165-க்குப் பதிலா வேற புரொஃபைல்ல வாங்கி மாட்டி முழிக்கிறவங்க நிறைய.

எம்.ஜி.பி. முதன்முதலா வந்தப்போ சைஸ் 5.60-14. அது கிராஸ்ப்ளை டயர், அகலத்தையும் இன்ச்லயே சொல்வாங்க. ரேடியல் டயருக்கு மிஷெலின் கம்பெனி 1946-லயே பேட்டன்ட் வாங்கியிருந்தாலும், எல்லா கார்களுக்கும் வந்து சேர ரொம்ப வருஷம் ஆச்சு. ஒரே வண்டியில முன்னாடி ரேடியல், பின்னாடி கிராஸ்ப்ளைன்னு மட்டும் மாட்டவே கூடாது. திருப்பத்துல பின்பக்கம் வாலாட்டும். இங்கிலாந்துல அது சட்டப்படியும் தப்பு.

கால்குலேட்டரை எடுங்க

165/80 ஆர் 14-ஐ எடுத்துக்குவோம். 165-ல 80 சதவிகிதம் 132 மி.மீ. மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு, ஆக 264. ரிம் 14 இன்ச், 25.4-ஆல பெருக்கினா 355.6. மொத்தம் கிட்டத்தட்ட 620 மி.மீ. காரோட கியர், ஸ்பீடாமீட்டர், வீல் ஆர்ச் எல்லாமே இந்த 620-ஐ நம்பித்தான் டிசைன் ஆகியிருக்கு. இப்போ மத்த சைஸ்களைப் பாருங்க:

185/70 ஆர் 14 - 615 மி.மீ. கிட்டத்தட்ட அதே உயரம்.

205/60 ஆர் 14 - 602 மி.மீ. மூணு சதவிகிதம் குறைவு.

195/60 ஆர் 14 - 590 மி.மீ. அஞ்சு சதவிகிதம் குறைவு.

அஞ்சு சதவிகிதம்தானேன்னு நினைக்காதீங்க. ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது வண்டி போறது 95-ல. இன்ஜின் எப்பவும் கூடுதலா சுத்திக் கத்திக்கிட்டே இருக்கும். கார் 15 மி.மீ. தரைக்குக் கிட்ட வந்துடும். ஒரிஜினல் உயரத்துலேர்ந்து ரெண்டு, மூணு சதவிகிதத்துக்கு மேல விலகாம பார்த்துக்கிறதுதான் நல்லது.

சரி, 205/60 மூணு சதவிகிதத்துக்குள்ள வருதேன்னு தம்பி கேட்பார். அங்கேதான் ரிம் குறுக்கே வருது. அந்த டயருக்குக் குறைஞ்சது அஞ்சரை இன்ச் ரிம் வேணும். தாத்தாகிட்ட இருக்கிறது நாலரை. என் ஆர்.எக்ஸ். 100 கதைதான், இந்த முறை நாலு சக்கரத்துல! அதோட, ஸ்போக் வீல் போட்ட ஜி.டி.யில பின்பக்க வீல் ஆர்ச்ல இடமே கம்மி. பின் ஆக்ஸில் எல்லா வண்டியிலும் நட்டநடுவுல இருக்கும்னும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் விரல் போற இடம் இருக்கும், இன்னொரு பக்கம் டயர் பாடியில உரசும். கல்யாண நாள் அன்னிக்கு, பேத்தி பின்னாடி உட்கார்ந்ததும் கர்ர்ர்னு சத்தம் வந்தா நல்லாவா இருக்கும்?

அகலம்னா கிரிப்பா?

இதுதான் பெரிய மூடநம்பிக்கை. டயர்ல தரையைத் தொடுற இடம் எவ்வளவுங்கிறது முக்கியமா வண்டியோட எடையையும் காத்தழுத்தத்தையும் பொறுத்தது. அகல டயர் போட்டா அந்த இடம் பெருசா கூடாது. வடிவம்தான் மாறும். நீளமா இருந்தது குட்டையாகி அகலமாகும். காய்ஞ்ச ரேஸ் டிராக்ல, அதுக்கேத்த சஸ்பென்ஷனோட ஓட்டினா திருப்பத்துல லாபம் உண்டு. மழை ஈரத்துல? டயர் அகலமாக ஆக, முன்னாடி இருக்கிற தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுப் போறது கஷ்டம். வண்டி தண்ணி மேல மிதக்க ஆரம்பிக்கும். தாத்தா ஓட்டப்போறது இங்கிலாந்துல. அங்கே சம்மர்லயும் குடை இல்லாம வெளியே போக மாட்டாங்க!

இன்னொண்ணு. பவர் ஸ்டீயரிங் இல்லாத காருக்கு 205 போட்டா, பார்க்கிங்ல ஸ்டீயரிங்கைத் திருப்ப ஜிம் பாடி வேணும். 74 வயசுத் தோளுக்கு இது தேவையா? அந்தக் காலத்து ஒல்லி டயருக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. வழுக்குறதுக்கு முன்னாடியே மெதுவா சிக்னல் கொடுக்கும். அகல டயர் கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டு இருந்துட்டு, விடும்போது சட்டுனு விட்டுடும்.

'புதுசு மாதிரிதானே இருக்கு?'

இப்போ தாத்தாவோட பாயின்ட். தம்பிக்குப் போன் போட்டு, "டயர் ஓரத்துல டி.ஓ.டி.னு எழுத்து இருக்கும். அது முடியற இடத்துல என்ன நம்பர் இருக்குன்னு பாருங்க"ன்னு சொன்னேன். டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "348-னு இருக்கு. பக்கத்துல குட்டியா ஒரு முக்கோணம்"னார்.

எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. 2000-க்குப் பிறகு வந்த டயர்னா நாலு நம்பர் இருக்கும். 2316-னா 2016-ம் வருஷத்தோட 23-வது வாரத்துல தயாரானது. மூணே நம்பர்னா 2000-க்கு முந்தினது. முக்கோணம் இருந்தா தொண்ணூறுகள். ஆக, அந்த டயர் 1998-ம் வருஷம் 34-வது வாரம் பிறந்தது. தம்பி பிறந்தது 2002-ல. தம்பியைவிட டயருக்கு நாலு வயசு அதிகம்!

பட்டன் தேயலைதான். ஆனா ரப்பர் ஓடினாத்தான் கெடும்னு இல்லை, சும்மா நின்னாலும் கெடும். காத்துல இருக்கிற ஆக்ஸிஜனும் ஓசோனும் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு, ரப்பர் இறுகிப்போகும். உள்ளே இருக்கிற அடுக்குகளோட ஒட்டு விட்டுப்போகும். வெளியே பார்த்தா பளபளன்னு இருக்கும்.

2012 செப்டம்பர்ல, இங்கிலாந்துல ஒரு மியூசிக் ஃபெஸ்டிவல் முடிஞ்சு உங்க வயசுப் பசங்க ஒரு கோச் பஸ்ல வீட்டுக்குத் திரும்பிக்கிட்டு இருந்தாங்க. முன் டயர் வெடிச்சு, பஸ் மரத்துல மோதி மூணு பேர் செத்துப்போனாங்க. அந்த டயருக்கு வயசு பத்தொன்பதரை. அந்த பஸ்ஸைவிடப் பழசு! பட்டன் அளவு சட்டப்படி சரியாத்தான் இருந்தது. இறந்தவர்கள்ல ஒருத்தனுக்கு 18 வயசு. அவனோட அம்மா வருஷக்கணக்கா போராடினாங்க. 2021 பிப்ரவரியிலேர்ந்து, லாரி, பஸ், கோச்களோட முன் ஆக்ஸில்ல 10 வருஷத்துக்கு மேற்பட்ட டயருக்கு அங்கே தடை வந்தது.

ஆனா இந்தத் தடை கார்களுக்கு இல்லை. அதுமட்டுமில்லை, பெருசா மாத்தம் செய்யாத 40 வயசு தாண்டின கார்களுக்கு, வருஷா வருஷம் நடக்கிற எம்.ஓ.டி. சோதனையிலேர்ந்தே 2018-ல் விலக்கு கொடுத்துட்டாங்க. அதாவது, தாத்தாவோட டயரை அவரைத் தவிர வேற யாரும் பார்க்கப் போறதில்லை.

தீர்ப்பு என்ன?

தம்பி, 165/80 ஆர் 14 வாங்குங்க. வேக எழுத்து 'எஸ்' இல்லைன்னா அதுக்கு மேல. லோட் இண்டெக்ஸ் 84 இருந்தா டயருக்கு 500 கிலோ, நாலுக்கும் சேர்த்து ரெண்டு டன். தாராளம். பிரெல்லி, மிஷெலின் மாதிரி கம்பெனிகள் பழைய கார்களுக்குன்னே பழைய டிசைன்ல டயர் போடுறாங்க. விலை ஜாஸ்திதான், ஆனா ரப்பர் புதுசு. வாங்கும்போதே நம்பரைப் பாருங்க. கிளாசிக் சைஸ் டயர் கடையில தூங்கிக்கிட்டே வயசாகியிருக்கும்.

ஸ்போக் வீலுக்கு டியூப் கட்டாயம். டியூபும் புதுசா, அதே சைஸ்ல இருக்கணும். ஸ்போக் முனை குத்தாம இருக்க ரிம் டேப் போடணும். டயருக்கு உள்ளே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா உரிச்சுடுங்க, அது உராய்ஞ்சே டியூபை ஓட்டை போட்டுடும். நாலு வாங்காதீங்க, ஸ்டெப்னியோட சேர்த்து அஞ்சு.

இதையெல்லாம் தாத்தாகிட்ட சொன்னப்போ அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லையாம். அப்புறம் மெதுவா, "அந்த டயர் செட் என் பர்த்டேவுக்கு அவள் வாங்கிக் கொடுத்தது"ன்னாராம். அதான் விஷயம். அவர் டயரை மிச்சம் பிடிக்கலை மக்களே, பாட்டியை மிச்சம் பிடிச்சிருக்கார்.

நான் ஒண்ணுதான் சொன்னேன். 'பாட்டி அதை வாங்கிக் கொடுத்ததே அவர் பத்திரமா வீடு வந்து சேரணும்னுதானே... அந்த வேலையை இனிமே அந்த டயரால செய்ய முடியாது. இதை அவர்கிட்ட சொல்லுங்க.'

போன ஞாயித்துக்கிழமை மெயில் வந்தது. அஞ்சு டயர் ஆர்டர் போட்டாச்சு. பழசுல நாலு ரீசைக்கிளிங்குக்குப் போகுது. ஒண்ணு மட்டும் கராஜ் சுவர்ல தொங்குது. அதுல எனக்கு ஆட்சேபணையே இல்லை!

இப்போ உங்க டர்ன். பார்க்கிங்ல நிக்கிற உங்க பைக்கைப் போய்ப் பாருங்க. ஓரத்துல அந்த நாலு நம்பர் இருக்கும். அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா வருஷத்துக்கு ஒரு தடவை நல்ல மெக்கானிக்கிட்ட காட்டுங்க. பத்தைத் தொட்டிருந்தா பட்டன் எப்படி இருந்தாலும் டாட்டா சொல்லிடுங்க. அப்பாவோட ஸ்கூட்டரையும் மறக்காம பாருங்க. அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

யார் வண்டி டயருக்கு வயசு அதிகம்னு எழுதுங்க. அடுத்த வாரம் பிரேக்கோட வர்றேன். பை!